பசுமைக்குக் கீழே உள்ள மண்



இம்மாநாட்டுக்குத் தலைமை வகிக்கும் நான் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டபோது கரிய பொருள் வெளிப்பட்டது முதலாக, 1956-இல் சுரங்க நிறுவனம் ஏற்பட்டு, மறு ஆண்டு மே மாதத்தில் பிரதம மந்திரி நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்து, 1961-இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது வரையிலான நெய்வேலியின் சரித்திரத்தை இந்தச் சபையில் விரித்துரைக்க வேண்டிய அவசியமில்லை. நான் பேச விரும்புவது, அந்தக் கரிக்கு மேலே கிடந்த மண்ணைப் பற்றி. ஒரு டன் கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் மேலாக மண்ணையும் மணற்பாறையையும் பெயர்த்து, கன்வேயர் பெல்ட்டில் கொண்டுபோய், கரி எடுத்து முடிந்த குழியில் கொட்டுகிறபோது அடியில் இருந்தது மேலே வந்துவிடுகிறது. முந்திரியும் மணிலாவும் தலைமுறை தலைமுறையாக விளைந்த செம்மண் இருந்த இடத்தில், மட்கும் நுண்ணுயிரும் ஏறாத மண் மழைக்கு முகங்காட்டி நிற்கிறது. அந்த மழையும் சாமானியமானதன்று. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்க்கும் பிரதேசம் அது. 2015 நவம்பரில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததை இங்குள்ள பலரும் மறந்திருக்கமாட்டீர்கள்.

இத்தகைய நிலத்தை மீட்டுவிட்டோம் என்று சொல்வதற்கு நாம் வழக்கமாகக் காட்டும் அத்தாட்சி, நட்ட கன்றுகளின் எண்ணிக்கை. அது செலவுக்குக் கணக்கே ஒழிய நிலத்துக்குக் கணக்காகாது என்பது என் திடமான அபிப்பிராயம். தைலமரமோ சவுக்கோ ஓங்கி வளர்ந்த ஒரு மண்மேட்டுச் சரிவில், தழை விலக்கிக் குனிந்து பாருங்கள்: அடிமரத்தில் ஒரு சாண் உயரத்துக்குச் செம்மண் தெறித்து ஒட்டியிருக்கும், கூழாங்கற்கள் ஒவ்வொன்றும் விரற்கடை உயரமுள்ள மண் தூணின்மேல் உட்கார்ந்திருக்கும், சுற்றியிருந்த மண் போய்விட்டது, கல் மறைத்த மண் மட்டும் நிற்கிறது. இலையில் திரண்டு பெருத்த துளி, எட்டொன்பது மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது, வெட்ட வெளியில் விழும் மழைத்துளியின் வேகத்தை ஏறக்குறைய திரும்பப் பெற்றுவிடுகிறது. ஆகவே தரையோடு தரையாகப் புல்லும் சருகும் இல்லாத தோப்பு, மேலிருந்து பார்ப்பவருக்குப் பசுமையாகவும் அடியில் அரிப்புக்கு இடமாகவும் ஒரே சமயத்தில் இருக்கமுடியும். கொழிஞ்சி, முயல் மசால், வெட்டிவேர் முதலிய தாழ்ந்த செடிகளையும் புற்களையும் மரத்துக்குப் பிந்திய அலங்காரமாக அல்லாமல் மரத்துக்கு முந்திய தேவையாகக் கருதவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

செயற்கைக்கோள் நமக்குக் கிடைத்துள்ள பெரும்பேறு என்பதில் சந்தேகமில்லை. 1972 முதல் லாண்ட்சாட் படங்கள் இருக்கின்றன. சென்டினல்-2 பத்து மீட்டர் நுணுக்கத்தில் சில நாளுக்கொரு முறை படம் அனுப்புகிறது. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் ஒப்பிட்டுத் தாவரச் செழுமையைக் கணிக்க மாணவர்களும் கற்றிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கணிப்புக்குக் கொழிஞ்சியும் சீமைக்கருவேலமும் பச்சைதான். அது காண்பது மேற்கவிகையை, தரையை அன்று. மண் அடித்துப்போகும் ஐப்பசி, கார்த்திகையிலேயே மேகம் அதன் பார்வையை மறைத்துவிடுகிறது. விஷ்மையரும் ஸ்மித்தும் வகுத்த மண் இழப்புச் சமன்பாடும், 22 மீட்டர் நீளமும் நூற்றுக்கு ஒன்பது சரிவும் கொண்ட அமெரிக்க வயற்பாத்திகளை அளவுகோலாகக் கொண்டு பிறந்ததாகையால், செங்குத்தான மண்மேட்டுக்கு அதை அப்படியே பிரயோகித்து வரும் விடையை நம்புவதற்கில்லை.

அரிப்பை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. முழங்கை நீளமுள்ள இரும்புக் கம்பிகளைச் சரிவு நெடுக அடித்து, ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் கம்பி எவ்வளவு வெளியே தெரிகிறதென்று அளப்பது; அடிவாரத்தில் தொட்டி வைத்து வண்டலை உலர்த்தி நிறுப்பது. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஒரு ஹெக்டேரில் அது பத்து கன மீட்டர், சுமார் 13 முதல் 15 டன் மண். அதே கம்பியின் அருகே சதுரமிட்டுத் தரைமூடலையும் எண்ணினால்தான் இரண்டு கணக்கும் ஒன்றையொன்று சோதிக்கும். அரிப்பை ஒரு துறையாரும் தாவரத்தை வேறொரு துறையாரும் வெவ்வேறு சரிவுகளில் அளந்துகொண்டிருக்கும் இன்றைய வழக்கம் எனக்கு உண்மையாகவே வருத்தந் தருகிறது.

எத்தனை காலம் அளப்பது? அமெரிக்காவின் 1977-ஆம் ஆண்டுச் சுரங்க நில மீட்புச் சட்டம், கடைசி விதைப்புக்குப் பின் ஐந்து ஆண்டும், ஆண்டு மழை 26 அங்குலத்துக்கு மேற்படாத இடங்களில் பத்து ஆண்டும் தாவரத்தை நிலைநிறுத்தும் பொறுப்பைச் சுரங்க நிறுவனத்தின்மேல் சுமத்துகிறது. நம் பிரதேசத்தில் ஆண்டுக் கணக்கு மட்டும் போதாது; ஒரு கொடுமழையையும் ஒரு வறட்சியையும் அச்சரிவு கண்டு முடிக்கும்வரை கம்பிகளைப் பிடுங்கலாகாது. சுரங்கத்துக்காக நிலத்தைக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டுப் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், தங்கள் பாட்டன் உழுத இடத்தில் இப்போது என்ன நிற்கிறது என்று கேட்டால் அளவுகளோடு விடைசொல்லும் கடமை நம்முடையது.

கட்டுரை படிக்கவிருக்கும் நண்பர்கள் ஒவ்வொருவரும், சரிவின் கோணம், நீளம், மண் கொட்டப்பட்ட ஆண்டு, பெய்த மழை ஆகிய நான்கையும் முதலில் சொல்லிவிட்டுப் பிறகு முடிவுகளைச் சொல்லும்படி வேண்டிக்கொண்டு, மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன். முதற் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.