கிண்ணமும் நாங்களும்

(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

ஏ.எல். வரை மட்டும் படிச்சவன் நான். உதைபந்தாட்டத்தைப் பற்றி ஏதாவது பேசு என்று விளையாட்டுப் பொறுப்பாளர் கேட்டபடியால் துணிஞ்சு மேடையேறியிருக்கிறேன்.

2010 இல் நான் ராஸ் அல் கைமாவில், தரைக்குப் பதிக்கிற ஓடு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தேன். ஐக்கிய அரபு எமிரேட்ஸின் வடக்கு மூலையில் இருக்கிற இடம் அது. அந்த ஊரின் எமிரேட்ஸ் கழகம் அந்தப் பருவத்தில் லீக்கில் தோற்றுத் தோற்று இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது. அதே பருவத்தில், இறுதியாட்டத்தில் டுபாய் அல் சபாப்பை வென்று ஜனாதிபதிக் கிண்ணத்தையும் தூக்கியது! அடுத்த வருசம் இரண்டாம் பிரிவில் இருந்துகொண்டே ஆசியக் கழகங்களின் சம்பியன் போட்டியிலும் ஆடினார்கள்.

விலகல் முறைப் போட்டியின் விசேசம் இதுதான். லீக் என்றால் வருசம் முழுக்கப் புள்ளி சேர்க்க வேண்டும். காசுள்ள கழகம்தான் பெரும்பாலும் கடைசியில் மேலே நிற்கும். விலகல் முறையில் தோற்றால் வீடு, வென்றால் அடுத்த ஆட்டம். சின்ன ரீமுக்கு நாலைந்து நல்ல நாள் கிடைச்சால் போதும்.

வளைகுடாவில் இந்தக் கிண்ணங்கள் தொடங்கின காலத்தைப் பாருங்கோ. சவூதியில் மன்னர் கிண்ணம் 1957 இல் தொடங்கியது. முதலில் வென்றது மக்காவின் அல் வஹ்தா. குவைத் 1961 இல் சுதந்திரம் பெற்றது, 1962 இல் அமீர் கிண்ணம் வந்துவிட்டது. அதை அல் அரபி வென்றது. கட்டார் 1971 இல் தனிநாடு, 1972-73 இல் கிண்ணம். எமிரேட்ஸில் 1971 டிசம்பரில் ஆறு எமிரேட்டுகள் ஒன்றுசேர, 1972 பெப்ரவரியில் ராஸ் அல் கைமா ஏழாவதாக வந்தது. 1974-75 இல் முதலாவது ஜனாதிபதிக் கிண்ணம். வென்றது டுபாய் அல் அஹ்லி. கொடி, நாணயம் வந்த கையோடை கிண்ணமும் வந்திருக்கிறது. ஏழு இடத்துச் சனமும் ஒரே கிண்ணத்துக்கு ஆடினால் ஒரே நாடு என்ற எண்ணம் வரும்தானே. இது என்ரை கணிப்பு.

2010 இல் வென்ற இரவு ஊர் முழுக்கக் கார் ஹோர்ன் சத்தம். நாங்கள் காம்ப் வாசலில் நின்று கைதட்டினோம். "எங்கடை ரீம் வென்றிட்டுது" என்று ஒரு பெடியன் துள்ளினான். "எங்கடையோ? இது எங்கடை ஊரே?" என்று பக்கத்தில் நின்ற அண்ணை கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெருஞ்சம்பளத்துக்குக் கொண்டுவந்த சில வெளிநாட்டு ஆட்டக்காரரைத் தவிர, எங்களைப் போல வந்தவனுக்கு அப்போது அந்தக் கிண்ணத்தில் இடமிருக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் காம்புக்குப் பின்னாலை மணலில் கல்லு வைச்சு கோல் அடிச்சதுதான் எங்கடை ஆட்டம்.

அமெரிக்காவில் வேறு மாதிரி நடந்தது. அங்கே 1884-85 இல் 'அமெரிக்கக் கிண்ணம்' என்று ஒரு விலகல் முறைப் போட்டி தொடங்கியது. பேர் பெரிசு, ஆனால் ஆடினது கிழக்குக் கரை ரீம்கள்தான். உண்மையான தேசியக் கிண்ணம் 1913-14 இல்தான் வந்தது. அந்தப் பழைய கிண்ணத்தை முதல் மூன்று வருசமும் வென்றது நியூ ஜேர்சியின் கிளார்க் ஓ.என்.ரி. அதென்ன ஓ.என்.ரி.? 'எங்கள் புதிய நூல்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்! தையல் நூல் செய்யும் ஆலையின் ரீம் அது. ஸ்கொட்லாந்தில் இருந்து பிழைக்கப் போன குடும்பங்கள் நிறைஞ்ச ஆலை. வந்து இறங்கினவனும் தொழிற்சாலைக்காரனும் முதல் கிண்ணத்தையே தூக்கியிருக்கிறான்.

இனி எங்கடை கோடைகாலப் போட்டிக்கு வாறன். எங்கடை விதி என்ன? ஊர்க் கழகமோ பழைய மாணவர் சங்கமோ பதிஞ்சிருந்தால்தான் ரீம் போடலாம். என்னோடை இரவு வேலை செய்கிற பெடியன் ஒருவன் இடது காலால் அடிச்சால் கோலி பந்தைக் காணமாட்டான். வந்து எட்டு மாதம். அறைக்கு நாலு பேராய் இருக்கிறார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. அவனுடைய ஊருக்கு இங்கே கழகமில்லை. போன வருசம் கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிக் கொடுத்தான். எனக்கு ராஸ் அல் கைமா காம்ப் வாசல்தான் ஞாபகம் வந்தது. அங்கே விதி போட்டது அவர்கள். இங்கே விதி போட்டது நாங்கள்.

நிர்வாகசபையைக் கேட்கிறது ஒன்றுதான். கழகமில்லாத பெடியளுக்கென்று ஒரு கலப்பு ரீமை இந்த வருசம் சேருங்கோ. பதிவுக் காசையும் சேர்ட்டுச் செலவையும் இரவு சிப்ற்காரர் நாங்கள் ஏழு பேர் பொறுப்பெடுக்கிறோம். பதினான்கு பேரின்ரை பேர் எழுதின தாள் இந்தா என்ரை பொக்கற்றுக்குள்ளை இருக்கு, இறங்கினதும் செயலாளரிட்டைத் தாறன். ரீமுக்குத்தான் இன்னும் பேர் வைக்கேல்லை.