அன்றாட வழக்கமும் ஆழ்ந்த விசுவாசமும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற கிறிஸ்தவ இளைஞர் கூடுகையில் ஆற்றிய உரை)

 

இச்சங்கம் கல்விக்காகத் தோன்றியது. பல சமயத்தாரும் இதில் உறுப்பினராய் உள்ளனர். ஆதலின் இம்மேடையில் சமயம் பேசலாமா என ஐயுறுவோர் இருக்கக்கூடும். இக்கூடுகை கிறிஸ்தவ இளைஞர்களுக்கென்றே அழைக்கப்பட்டது. பிற சமயத்து நண்பர்கள் விரும்பி வந்திருப்பின் மகிழ்ச்சியே. எவர் நெறியையும் பழித்து ஒரு சொல்லும் நாம் சொல்லப் போவதில்லை. நம் வீட்டுக் கதையைத்தான் பேசப் போகிறோம்.

ஊர்தோறும் நற்செய்திக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. மூன்று இரவுகள் ஒலிபெருக்கி முழங்குகிறது. மூன்றாம் நாள் இரவு இளைஞர் பலர் கண்ணீர் மல்க எழுந்து நின்று தங்களை ஒப்புக்கொடுக்கின்றனர். அக்கண்ணீர் பொய் என்று நாம் கூறவில்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை காலை அதே இளைஞன் எப்படி எழுகிறான், எழுந்தவுடன் எதைக் கையிலெடுக்கிறான் என்று பார்த்தால், பெரும்பாலும் பழைய நிலைதான். உணர்ச்சி வாய்க்காலில் வரும் முறைத்தண்ணீர் போன்றது. முறை முடிந்தால் நின்றுவிடும். வழக்கம் கிணற்றுநீர். நாள்தோறும் இறைத்தாக வேண்டும்; இறைக்க இறைக்கத்தான் ஊறும்.

இயேசு பெருமானைப் பற்றி லூக்கா எழுதும்போது ஒரு சிறு சொல்லை இருமுறை கையாளுகிறார். நாசரேத்தில் ஓய்வுநாளில் அவர் ஜெபாலயத்திற்குச் சென்றதும் வழக்கத்தின்படியே. பாடுபடுவதற்கு முந்தைய இரவில் ஒலிவமலைக்குச் சென்றதும் வழக்கத்தின்படியே. தேவகுமாரனுக்கே வழக்கம் ஒன்று தேவைப்பட்டதெனின், நமக்கு அது தேவையில்லை என்பது எங்ஙனம் பொருந்தும்?

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். அவர்களில் மிகப் பலருக்கு எழுத்து மறுக்கப்பட்டிருந்தது. ஆயினும் ஞானஸ்நானம் பெறுமுன் கர்த்தருடைய ஜெபத்தையும், விசுவாசப் பிரமாணத்தையும், பத்துக் கட்டளைகளையும் செவிவழிக் கேட்டு மனப்பாடம் செய்தார்கள். விடியுமுன் வயலுக்குச் சென்று பொழுது சாய்ந்தபின் திரும்பியவர்கள் அவர்கள். ஆகவே சேரியின் சிறு கோயிலில் இரவில்தான் மணி அடிக்கும். பல ஊர்களில் அம்மணி ஒரு தண்டவாளத் துண்டே. அரிக்கன் விளக்கொளியில் உபதேசியார் ஒரு பகுதியை வாசித்து, அதைத் திருப்பிச் சொல்லச் சொல்வார். களைப்பில் சிலர் உறங்கிவிடுவர். உறங்கினாலும் மறுநாள் வந்தார்கள்! இன்று அதே நேரத்தில் நம் வீடுகளில் தொலைக்காட்சித் தொடர் ஓடுகிறது. தொடர் பார்ப்பதும் ஒரு வழக்கந்தான். ஒரு நாளும் தவறுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் ஒரு சொல். பண்ணையில் படியாளாய் இருந்தவனுக்குத் தன் நாள் என்று ஒரு நாளும் இல்லை. கிறிஸ்தவனான பின் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர இயலாது என்று அவன் சொன்னபோது, நிலக்கிழார்கள் சினந்ததற்குக் காரணம் சமயம் மட்டுமன்று; அவனுடைய ஏழு நாளில் ஒரு நாள் தங்கள் கையைவிட்டுப் போயிற்றே என்பதுதான். ஓய்வுநாள் கட்டளையை ஊன்றிப் படியுங்கள். அது எசமானுக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை. வேலைக்காரனையும் வேலைக்காரியையும் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்கிறது. உபாகமத்தில், நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள் என்று காரணமும் கூறுகிறது. எனவே ஞாயிறு காலையில் குளித்து வெள்ளாடை உடுத்திக் கோயிலுக்குச் சென்ற நம் பாட்டனார், ஆராதனை செய்ததோடு தாம் எவருக்கும் அடிமையல்லர் என்பதையும் ஊரறியச் செய்தார். மிகைநேர ஊதியத்திற்காக மாதத்தின் எல்லா ஞாயிறுகளையும் விற்றுவிடும் இளைஞர்கள், அந்நாள் என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

இனி, நம் பிள்ளைகளின் உள்ளத்தை அரிக்கும் ஒரு செய்திக்கு வருவோம். தலைமையாசிரியர் என்ற முறையில் சேர்க்கைப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு அமரும்போது, ஒவ்வோர் ஆண்டும் ஏதேனும் ஒரு தந்தை தயங்கி நிற்பதைக் காண்கிறோம். பெயர் என்ன, மதம் என்ன என்று கேட்டவுடன் அவர் மனைவியின் முகத்தைப் பார்க்கிறார். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினருக்குரிய உரிமைகளை இந்துக்களுக்கென வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரான தலித்துகள் சேர்க்கப்படவில்லை. தமிழகத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டனர். இக்குறையை நீக்கக் கோரித் தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. தீண்டாமை மதம் பார்த்துத் தீண்டவில்லை. சலுகை மட்டும் மதம் பார்க்கிறது. இதனை மாற்றச் சட்டவழியில் போராடுவது நம் கடமை.

அதுவரை நம் பிள்ளைகள் பலர் சான்றிதழில் ஒரு பெயரும் ஞானஸ்நானத்தில் ஒரு பெயருமாக வாழ்கின்றனர். இவர்கள்மேல் கல்லெறிய நாம் வரவில்லை. பசியையும் படிப்பையும் அறியாதவர்களே அவ்வாறு எறிவர். ஆனால் ஓர் ஆபத்தைச் சொல்லாமலிருக்க இயலாது. சான்றிதழின் பொருட்டு வெளியில் வாய்மூடப் பழகியவன், நாளடைவில் வீட்டிற்குள்ளும் வாய்மூடிவிடுகிறான். அலுவலகத்தில் அஞ்சி மறைத்த ஜெபம், அறைக்குள் தனித்திருக்கும்போதும் வருவதில்லை. அரசு கேட்டது ஒரு பெயரை. இவன் தானாகவே முழு விசுவாசத்தையும் எடுத்துக் கொடுத்துவிட்டான்.

தானியேலை நினைத்துக்கொள்ளுங்கள். சிங்கக் கெபியை மட்டும் சிறுவர்க்குச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். அவன் வாழ்க்கை வரலாறு நம் இளைஞர்களுக்கென்றே எழுதப்பட்டது போன்றது. அவன் சிறைப்பட்டு வந்த இனத்தவன். அரண்மனையில் மூன்றாண்டு அந்நியர் கல்வி கற்றான். அதிகாரி அவன் பெயரை மாற்றி, பெல்தெஷாத்சார் என்று அழைத்தார். அப்பெயரோடே அரசுப் பணியில் அமர்ந்து, தரியு மன்னன் காலத்தில் 120 தேசாதிபதிகளுக்கு மேலான மூன்று தலைவர்களில் ஒருவனாக உயர்ந்தான். பகைவர் அவன் அலுவலில் குற்றம் தேடினர், ஒன்றும் அகப்படவில்லை. நேரந்தவறாமை, கையூட்டு வாங்காமை, கோப்புகளை முடக்காமை ஆகியவையும் விசுவாசத்தின் பகுதியே என்பதை அரசுப் பணிக்குப் போகவிருக்கும் நீங்கள் அதிலிருந்து குறித்துக்கொள்ளலாம். பின்னர், முப்பது நாள் எவரும் அரசனையன்றி வேறெவரிடமும் விண்ணப்பம் செய்யலாகாது என்று சட்டம் வந்தது. தானியேல் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. முன் செய்துவந்தபடியே எருசலேமை நோக்கிய பலகணியைத் திறந்து, நாளொன்றுக்கு மூன்று வேளை முழங்காலிட்டான். அன்று தொடங்கிய பழக்கமாயிருந்தால் அவன் முழங்கால் நடுங்கியிருக்கும். பல்லாண்டு மடங்கிப் பழகிய முழங்கால் ஆதலால் தானே மடங்கிற்று.

விடுதியில் ஆறு பேர் ஓர் அறையில் தங்கியிருக்கிறோம், பலகணிக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்கலாம். திருப்பூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் நம்மிடம் இவ்வாறு கேட்டதுண்டு. தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நிற்கும் நேரம் போதும். பேருந்தில் கண்மூடி அமர்ந்திருக்கும் பத்து நிமிடம் போதும். உதடு அசைய வேண்டியதில்லை. நேரம் மட்டும் ஒன்றாய் இருக்கட்டும். ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடருங்கள். தவறிய நாளுக்கு வட்டி கட்டத் தேவையில்லை.

வேதம் வாசிப்பதிலும் அளவறிந்து தொடங்குதல் நன்று. முழு வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள் உள்ளன. வாரநாளில் மும்மூன்றும் ஞாயிறன்று ஐந்தும் வாசித்தால் ஓராண்டில் முடியும். சனவரி முதல் நாள் இக்கணக்கோடு தொடங்கும் பலர் லேவியராகமத்தில் இளைத்து நின்றுவிடுவதைக் கண்டிருக்கிறோம். நான்கு சுவிசேஷங்களும் சேர்ந்து 89 அதிகாரங்களே. நாளுக்கு ஒன்றாக மூன்று மாதத்திற்குள் முடித்துவிடலாம். வாய்விட்டு வாசியுங்கள், பென்சிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், விளங்காத இடத்தில் கேள்விக்குறி இடுங்கள். கேள்வி கேட்பது அவிசுவாசமன்று; பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே நாள்தோறும் வேதத்தில் ஒத்துப் பார்த்தார்கள், அதற்காகப் பாராட்டும் பெற்றார்கள். கைப்பேசியில் வாசிப்பதையும் நாம் குறைகூறவில்லை. எனினும் வாசிக்கும்போதே செய்தி வந்து மணியடிக்கும் கருவியைக் காட்டிலும், தாளில் அச்சிட்ட நூலே நம் மனத்திற்கு உகந்ததாயிருக்கிறது. சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி முடித்தார். கோயில் வாசலுக்கு அப்பால் நிறுத்தப்பட்டிருந்த மக்களின் கையிலும் மறைநூல் வருவதற்கு அது வழிதிறந்தது. நம் பாட்டிமார் சிலர் எழுத்துக்கூட்டக் கற்றதே அந்நூலை வாசிப்பதற்காகத்தான்.

வாயால் ஜெபிப்பதோடு கையாலும் ஒரு வழக்கம் வேண்டும். தாய்மார்களுக்குப் பிடியரிசியைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. உலையில் இடுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக்கலயத்தில் போட்டு, ஞாயிறன்று கொண்டுபோய்ப் படைப்பார்கள். கூலியாக அளந்த நெல்லைக் குத்தி எடுத்த அரிசி அது. அந்தப் பிடி போனால் பானையில் குறைவது தெரியும். தெரிந்தே எடுத்தார்கள். உபதேசியாருக்குப் படியளந்ததும், கோயிலுக்கு ஓடு வேய்ந்ததும் பல ஊர்களில் அவ்வரிசிதான். திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் தோர்ணக்கல் பேராயராகி, இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் என்னும் சிறப்புப் பெற்ற அசரியா அவர்கள், ஏழைச் சபையும் கொடுக்கும் சபையாக விளங்க வேண்டுமென இடையறாது வற்புறுத்தினார். அவர் பேராயத்து மக்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர். வாங்கியே பழகியவன் நிமிர்வதில்லை, கொடுக்கும்போதுதான் நிமிர்கிறான் என்பது நாமும் கண்ட உண்மை. இன்று கலயம் இல்லாவிட்டால் ஒரு தகரடப்பா போதும். நாள்தோறும் ஐந்து ரூபாய் போடுங்கள். நம் இரவுப் பாடசாலைக்கு மின்கட்டணம் கட்ட உதவும்.

இறுதியாக, பந்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சில பெரியோர் முகம் சுளிக்கலாம், பொறுத்தருள வேண்டும். கொரிந்து சபையில் செல்வர் முந்தி உண்டனர், ஏழைகள் பசித்திருந்தனர். அதைப் பவுல் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார் என்பதை வாசித்திருக்கிறீர்கள். திருவிருந்துக் கிண்ணம் ஒன்றாயிருந்தும் அமரும் இடம் வேறாயிருந்த கோயில்கள் நம் நாட்டில் பல. கல்லறைத் தோட்டத்தில் இறந்தோரையும் பிரித்துச் சுவரெழுப்பிய ஊர்கள் உண்டு. அதைக் கேட்டால் நமக்குக் கொதிக்கிறது, கொதிக்கவே வேண்டும்.

ஆனால் நம் தெருவுக்கு மேற்கே இருக்கும் அருந்ததியர் தெருவில் எத்தனை பேர் அமர்ந்து சோறுண்டிருக்கிறோம்? அவர்களும் அதே கோயிலுக்கு வருகின்றனர், அதே பாட்டைப் பாடுகின்றனர். சாவுக்குப் போகிறோம், வாசலிலேயே நின்று திரும்பிவிடுகிறோம். மாலாவும் மாதிகாவும் ஒரே சபையிலிருந்தும் ஒன்றாய் உண்ணத் தயங்கியது தெலுங்கு நாட்டிலும் பெரும் இடராயிருந்தது. மேலிருந்து நம்மேல் விழும் சுவரை இடிக்கக் கோரும் நாம், நமக்குக் கீழே நாமே கட்டிய சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கலாமா? இவ்விடத்தில் சொற்பொழிவு பயன்படாது. மாதம் ஒருமுறை அவர்கள் வீட்டில் நீங்களும், உங்கள் வீட்டில் அவர்களும் உண்ணும் வழக்கம் ஒன்றே பயன்படும். முதல்முறை பேச்சு வராது. சோற்றைப் பார்த்தே உண்பீர்கள். நான்காம் முறை பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுவீர்கள்.

வருகிற அறுப்பின் பண்டிகை அசனத்தை இரு தெருவினரும் ஒரே அடுப்பில் சமைப்பது குறித்துப் போதகர் ஐயா அவர்களிடம் பேசியிருக்கிறோம். அவர்கள் மனமுவந்து இசைந்துள்ளார்கள். அரிசி களையவும், விறகு பிளக்கவும், பந்தி பரிமாறவும் இருபது இளைஞர்கள் தேவை. இரு தெருவிலிருந்தும் பத்துப் பத்துப் பேராக இருத்தல் நலம். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்தவுடன் சங்க நூலகத்திற்கு வாருங்கள். பதிவேட்டோடு அங்கே காத்திருப்போம்.