முதியோர் இல்லத்தில் பகற்பொழுது

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நம் நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் உடையோர் நூற்றுக்கு 12 பேருக்கு அதிகமாயிருந்தனர். அவர்களுள் முதியோர் இல்லம் சேர்வோர் சிலரே. அங்கே உணவும் மருந்தும் வேளை தவறாது கிடைப்பினும், இடைப்பட்ட நெடும்பகல் வெறுமையாய்க் கிடக்கின்றது. அப்பகலுக்குப் பொறுப்பானவரே செயற்பாட்டு இணைப்பாளர்.

சிலர் பந்தும் வண்ணத்தாளும் வாங்கிக் கொடுத்து அமைந்துவிடுகின்றனர். 40 ஆண்டு கமஞ்செய்த கைக்கு வண்ணத்தாள் எதற்கு? ஒரு கத்தரிப் பாத்தியை அவர் பொறுப்பில் விடுங்கள். பெட்டி இழைத்த மூதாட்டிக்குச் சார்வோலை கொடுங்கள். கண் மங்கினாலும் விரல்கள் அவ்வேலையை அறியும்.

யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே கந்தபுராண படனம் நிகழ்வதை அறிவீர்கள். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். இல்லத்திற்கும் இம்முறை மிகப் பொருந்தும். கண்ணொளி உள்ளவர் வாசிக்கட்டும். பார்வை இழந்தவர் பயன் சொல்லட்டும். கேட்டிருப்போரும் சும்மா இரார். பயன் பிழைத்தால் திருத்தாமல் விடமாட்டார்கள்!

இன்னொன்று. "வரமாட்டேன்" என்று ஒருவர் கூறினால் அதனையும் ஏற்றல் வேண்டும். வரவுப் பதிவேட்டை நிரப்புவதற்காக ஆட்களைக் கூட்டிவந்து இருத்துவது எங்கள் பள்ளிக்கூடப் பழக்கம். முதியோரிடத்து அது ஆகாது. அவரருகே கதிரையை இழுத்துப் போட்டுச் சிறிதுநேரம் அமர்ந்திருங்கள். அவர் பேசாவிடினும், மறுநாளும் செல்லுங்கள்.