மதிப்பெண் என்னும் அளவுகோல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

தேர்வைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். தலைப்பை அறிவித்தவுடன் முன்வரிசையில் இருக்கும் பிள்ளைகளின் முகம் வாடியதைக் கண்டேன். அவர்கள் அஞ்ச வேண்டா. இன்று மாலை நாம் தேர்வையே தேர்வுக்கு உட்படுத்தப் போகிறோம்.

சங்கம் என்னும் பெயர் தாங்கிய அவையில் இப்பொருளைப் பேசுவது பொருத்தமே. இறையனார் களவியலுக்கு உரை கண்ட புலவர் பலர். அவற்றுள் எது மெய்யுரை என்று துணிய அவர்களுக்கு வழி தோன்றவில்லை. இறுதியில், உப்பூரிகுடி கிழாரின் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயது ஊமைச் சிறுவனை அழைத்து அமர்த்தி, அவன்முன் உரைகளைப் படித்தார்கள். மதுரை மருதன் இளநாகனார் உரையைக் கேட்டபோது அச்சிறுவன் சிற்சில இடங்களில் கண்ணீர் உகுத்து மெய்சிலிர்த்தான். நக்கீரர் உரைக்கோ சொல்தோறும் அவ்வாறு ஆனான். நக்கீரர் உரையே மெய்யுரை என முடிவாயிற்று. கதை கதையாகவே இருக்கட்டும். அதனுள் ஓர் அறிவு பொதிந்திருக்கிறது. கற்றறிந்தோர் பலர் கூடினால் தீர்ப்பும் பலவாகும் என்பதை அதைச் சொன்னவர்கள் உணர்ந்திருந்தார்கள். சீன நாட்டிலும், சோங் அரசர் காலத்து அரசுப் பணித் தேர்வுகளில், விடைத்தாளில் பெயரை மறைத்ததோடு அமையாமல், கையெழுத்தைக் கொண்டு ஆளை அடையாளம் காணாதபடி எழுத்தர்களைக் கொண்டு விடைகளை மறுபடி எழுதுவித்த பின்னரே திருத்தக் கொடுத்தார்கள்.

இவ்வையத்தை எண்ணிக்கையில் அளந்து காட்டியது அண்மைக்கால ஆராய்ச்சி. 1888 ஆம் ஆண்டில் எட்ஜ்வொர்த் என்னும் பொருளியல் அறிஞர், அளவீட்டுப் பிழைகளைப் பற்றிய கணிதத்தைத் தேர்வு மதிப்பெண்களுக்குப் பொருத்திக் காட்டினார். 1912 இல் அமெரிக்க நாட்டில் ஸ்டார்ச், எலியட் என்னும் இருவர் ஆங்கிலப் பாடத்தின் விடைத்தாள்கள் இரண்டை எடுத்து, அவற்றின் படிகளை 200 உயர்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தித் தருமாறு வேண்டினர். மதிப்பிட ஏற்றனவாகத் திரும்பி வந்தவை 142. ஒரு தாளுக்குக் கிடைத்த மதிப்பெண்கள் 64 முதல் 98 வரை. மற்றொன்றுக்கு 50 முதல் 98 வரை. தாள் ஒன்றே, எழுதிய மாணவனும் ஒருவனே. மொழிப் பாடமாதலால் இவ்வாறு நேர்ந்தது, கணக்கில் நேராது என்று சிலர் கூறினர். அடுத்த ஆண்டே வடிவியல் தாள் ஒன்றை 116 ஆசிரியர்களைக் கொண்டு திருத்துவித்தார்கள். குறைந்தது 28, கூடியது 90-க்கும் மேல்! விடை மட்டும் சரியானால் போதுமா, வழியும் சரியாக இருக்க வேண்டுமா, படம் அழகாக இல்லாவிட்டால் குறைக்கலாமா என்பனவற்றில் ஆசிரியருக்கு ஆசிரியர் கருத்து வேறுபட்டது.

இருவர் வேறுபடுவது இயல்பு எனலாம். ஒருவரே தம்மொடு தாம் வேறுபட்டால்? இதை ஆராய்ந்தவர் பிலிப் ஹார்ட்டாக். இவர் நம் நாட்டுக்கு அயலார் அல்லர். கல்கத்தாப் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவில் உறுப்பினராய் இருந்து, 1920 இல் டாக்காப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனவர். இவரும் ரோட்ஸ் என்பாரும் 1935 இல் வெளியிட்ட ஆய்வில், வரலாற்று விடைத்தாள்கள் 15-ஐ அனுபவம் மிக்க திருத்துநர்கள் திருத்தினார்கள். ஓராண்டுக்கு மேல் கழிந்த பின், அதே தாள்களை அவர்களுள் 14 பேரிடம் மறுபடி கொடுத்தார்கள். தீர்ப்புகள் மொத்தம் 210. அவற்றுள் 92-இல் முன்பு சொன்ன தீர்ப்பு மாறியிருந்தது. தேறியவர் தவறினார், தவறியவர் தேறினார், சிறப்புப் பெற்றவர் அதை இழந்தார்.

இதற்காக ஆசிரியர்மேல் பழி சுமத்துதல் முறையன்று. திருத்தும் மேசையில் அமர்ந்தவர் எவரும் அறிவர்: நன்கு எழுதிய தாளை அடுத்து வரும் நடுத்தரத் தாள் தன் தகுதியினும் தாழ்ந்து தோன்றும், கட்டின் இறுதித் தாளைத் தொடும் கை, முதல் தாளைத் தொட்ட கை அன்று. இன்று விடைக்குறிப்பும், தலைமைத் திருத்துநரின் மேற்பார்வையும் இவ்வேறுபாட்டைப் பெரிதும் குறைத்துள்ளன. ஆனால், அறவே ஒழித்துவிடவில்லை. துணிக்கடைக்காரரின் கோலிலும் சிறு பிழை உண்டு. ஆயினும் அவர் மயிரிழை வரை அளந்ததாகச் சொல்லிக் கொள்வதில்லை. நாமோ 89-க்கும் 90-க்கும் இடையே மலையொன்று நிற்பதாகக் கருதுகிறோம்.

இதை நான் இவ்வவையில் சொல்லக் காரணம் உண்டு. சற்று நேரத்தில், பொதுத்தேர்வில் 90 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்ற நம் காலனிப் பிள்ளைகள் மேடையேறிப் பரிசு பெறுவார்கள். அவர்களை மனமார வாழ்த்துகிறேன். 89 பெற்ற பிள்ளையும் இவ்வரங்கில் எங்கோ தன் தாயின் அருகில் அமர்ந்திருக்கக் கூடும். அப்பிள்ளைக்கும் மேடையேறும் பிள்ளைக்கும் அறிவில் உள்ள வேறுபாட்டை எந்த ஆராய்ச்சியாலும் காட்ட இயலாது. தேர்வு முடிவு வந்த நாளில் நம் வீடுகளின் மாடிப்படிகளில் ஏறி இறங்கும் கேள்வி ஒன்றே: 'உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு?' கேட்பவர் அன்பினால்தான் கேட்கிறார். அதற்கு விடை சொல்ல அஞ்சிக் கதவைச் சாத்திக்கொண்ட பிள்ளைகள் உண்டு என்பதை நீங்களும் அறிவீர்கள்.

தலைநகரில் வாழும் நமக்கு இத்துன்பம் சற்று மிகுதி. 2011 இல் தில்லியின் புகழ்பெற்ற ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி, மேல்நிலையில் வணிகவியல் பயிலாதவர்க்கு நுழைவு எல்லை 100 விழுக்காடு என அறிவித்தது; 2021 இல் வேறு சில கல்லூரிகளும் அவ்வெல்லையை எட்டின. அளவுகோலின் கடைசிக் கோட்டில் அனைவரும் நெருங்கி நின்றால், கோல் எதை அளக்கும்? 2022 முதல் தில்லிப் பல்கலைக்கழகம் பொது நுழைவுத் தேர்வின் வழியே இளநிலை மாணவரைச் சேர்த்துக்கொள்கிறது.

அத்தகைய தேர்வுகளில் நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். எவர் திருத்தினாலும், எந்திரமே திருத்தினாலும், மதிப்பெண் மாறாது. இது பெரும் ஆதாயமே. ஆனால், அளவு மாறாமல் இருப்பது ஒன்று. அளக்க வேண்டியதையே அளப்பது வேறொன்று. நம் நியாயவிலைக் கடைத் தராசு எத்தனை முறை நிறுத்தாலும் ஒரே எடையைக் காட்டலாம்; அது அரிசி நல்லதா என்று சொல்லாது. ஒரு மாணவி தன் கருத்தைக் கோவையாக எடுத்துரைக்க வல்லவளா என்பதை நான்கு கட்டங்களைக் கொண்டு எவ்வாறு அறிவது? இன்னொரு சான்று: நம் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பிசா என்னும் பன்னாட்டு மதிப்பீட்டில் கலந்துகொண்டன. 2011 இன் இறுதியில் வெளியான முடிவில் இரண்டும் பட்டியலின் அடியில் நின்றன. வினாக்கள் நம் சூழலுக்குப் பொருந்தாதவை என்ற மறுப்பு எழுந்தது. அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆயினும், படித்ததைப் புதிய இடத்தில் பயன்படுத்தும் ஆற்றலை நம் பொதுத்தேர்வுகள் போதிய அளவு கேட்பதில்லை என்பதையும் மறுக்க முடியாது.

இவற்றை நம் பெரியோர் முன்னரே கூறினர். பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம்தான் கூறலாம் என்றால் அது தேர்வைப் பற்றியதாகவே இருக்கும் என்ற கருத்தை 1948-49 இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் குழு வெளியிட்டது. 1952-53 இல் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, புறத் தேர்வுகளைக் குறைக்கவும், எண்ணுக்கு மாற்றாகத் தரக் குறியீடுகளை வழங்கவும் பரிந்துரைத்தது. சி.பி.எஸ்.இ. 2009-10 இல் தொடர் மதிப்பீட்டு முறையையும் தரநிலையையும் கொண்டுவந்து, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைக் கட்டாயமற்றது ஆக்கிற்று. 2018 இல் அத்தேர்வு மீண்டும் கட்டாயமாயிற்று. ஆணைகள் மாறிய அளவுக்குப் பெற்றோரும் ஆசிரியரும் ஆயத்தமாகவில்லை என்பது என் கருத்து.

அரசும் வாரியமும் செய்வன செய்யட்டும். வீட்டில் நாம் செய்யத்தக்கவை இரண்டு உண்டு. இரண்டும் ஆராய்ச்சியில் விளைந்தவை. ரூத் பட்லர் என்னும் உளவியல் அறிஞர் இஸ்ரேல் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வை 1988 இல் வெளியிட்டார். சில பிள்ளைகளுக்கு மதிப்பெண் மட்டும் கொடுத்தார், சிலருக்கு, எது நன்று, எதைத் திருத்த வேண்டும் என்ற குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்களே அடுத்த பணியில் மேம்பட்டார்கள். இரண்டும் பெற்றவர் மேம்படவில்லை. மதிப்பெண்ணைக் கண்ட கண் குறிப்பை நாடவில்லை போலும்! விடைத்தாள் வீட்டுக்கு வரும்போது 'எத்தனை?' என்பதற்கு முன் 'எங்கே?' என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, தேர்வைக் கற்கும் கருவியாக்குவது. 2006 இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள், ஒரு பகுதியை மறுபடி படித்த மாணவர்களையும், ஒருமுறை படித்தபின் நூலை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதியவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழிந்தபின் நிலைமை தலைகீழாயிற்று: அவர்கள் நினைவுகூர்ந்தது சுமார் 42 விழுக்காடு, நூலை மூடி எழுதியவர்கள் 56. இதற்கு மதிப்பெண்ணும் வேண்டா, கட்டணமும் வேண்டா. இரவு உணவின்போது 'இன்று படித்ததைச் சொல், கேட்போம்' என்று பாட்டி சொன்னாலே போதும். பாட்டிக்கு அப்பாடம் தெரியாதிருப்பது இன்னும் நலம், பிள்ளை தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

இறுதியாக, செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தின் கட்டுரைப் போட்டித் தாள்களை இதுவரை ஒருவரே பார்த்து வருகிறார். அடுத்த ஆண்டு முதல் பெயரை மறைத்து எண்ணிட்டு, இருவர் தனித்தனியே பார்க்கட்டும். அவர்கள் பெரிதும் வேறுபட்டால் மூன்றாமவர் பார்க்கட்டும். பரிசு பெறாத பிள்ளைக்கும் அவர்கள் எழுதிய குறிப்போடு தாளைத் திருப்பித் தர வேண்டும். அறுபது தாள் வந்தாலும் நான்கு மாலைப் பொழுதுகளில் முடியக்கூடிய பணி. திருத்துவோருள் ஒருவராக என் பெயரை இப்போதே எழுதிக்கொள்ளுமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இன்னும் இருவர் வேண்டும்.