கிராமத் தொழிலும் குறியுரிமைக் கட்டணங்களும்

(கிராமத் தொழிற் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளின் பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)



கட்டணத்தைப் பற்றிப் பேச வந்தவரைக் கண்டால் எவருக்கும் உற்சாகம் பிறப்பதில்லை. வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், தணிக்கைக் கட்டணம் என்று ஏற்கெனவே நீண்டு கிடக்கும் பட்டியலில் இன்னுமொன்றா என்று நீங்கள் எண்ணக்கூடும். இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் வரியன்று. உங்கள் கையால் உருவான பொருளின் பெயர் உங்களுடையதாகவே நிலைப்பதற்கு அரசாங்கத்துக்குச் செலுத்த வேண்டிய தொகையைப் பற்றியதே இது. அத்தொகை கடந்த சில ஆண்டுகளில் பலமுறை மாறியுள்ளது. சிலவிடத்துக் குறைந்திருக்கிறது; ஓரிடத்தில் ஏறியிருக்கிறது. குறைந்ததை மட்டும் கேட்டு மகிழ்ந்து, ஏறியதைக் கவனியாது விட்டால் என்ன நேரும் என்பதற்கு நாம் நேரிற் கண்ட ஒரு சங்கத்தின் கதையை முதலிற் சொல்லி விடுகிறோம்.

மரச்செக்கில் எண்ணெய் ஆட்டி விற்கும் சங்கம் அது. இரட்டைப் புறாக்களின் படம் அச்சிட்ட சீட்டைத் தகர டின்களின் மேல் ஒட்டி விற்று வந்தனர். சுற்று வட்டாரச் சந்தைகளில் ‘புறா எண்ணெய்’ என்று கேட்டு வாங்குமளவுக்கு நற்பெயர் ஏற்பட்டது. 2012-ஆம் ஆண்டில் அன்றைய கட்டணமாகிய 3,500 ரூபாயைச் செலுத்தி, அந்தப் படத்தை வியாபாரக் குறியாக, அதாவது டிரேட் மார்க்காகப் பதிவு செய்ய விண்ணப்பித்தனர். பதிவும் கிடைத்தது. சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினர். அதன் பிறகு அதை ஏறெடுத்துப் பார்த்தவர் எவருமில்லை.

பதிவு பத்தாண்டுக்கே செல்லும். அந்தப் பத்தாண்டும் சான்றிதழ் வந்த நாளிலிருந்தன்றி, விண்ணப்பித்த நாளிலிருந்தே கணக்கிடப்படும். இதனைச் சங்கத்தில் அறிந்திருந்தவர் முதற் செயலாளர் ஒருவரே. அவருக்குப் பின் இருவர் மாறினர். சங்க அலுவலகமும் வாடகைக் கட்டிடத்திலிருந்து சொந்தக் கட்டிடத்துக்கு மாறிற்று. புதிய முகவரியைக் குறிப்பதிவேட்டில் எழுதச் செய்ய வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. 2022-இல் கெடு வந்தபோது நினைவூட்டும் அறிவிப்பு பழைய முகவரிக்கே போயிற்று. கெடு கழிந்த பின்னும் 6 மாதம் வரை கூடுதல் கட்டணத்துடன் புதுப்பிக்கலாம். அதற்கும் தவறினால் கெடு நாளிலிருந்து ஓராண்டு நிரம்பு முன் மீட்புக் கட்டணத்துடன் மீட்கலாம். அவ்விரு வாயில்களும் மூடிய பின்னரே, அடுத்த நகரத்து வியாபாரி ஒருவர் அதே புறாக்களைத் தம் பெயரிற் பதிய விண்ணப்பித்திருக்கிறார் என்ற செய்தி ஒரு மளிகைக் கடைக்காரர் வாயிலாகச் சங்கத்துக்கு எட்டிற்று.

அன்று அந்தச் சங்கத்துப் பெண்கள் எம்மிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “சிறு தொழிலுக்குக் கட்டணத்தைப் பாதியாக்கி விட்டார்கள் என்றீர்களே, அப்படியிருக்க இது எப்படிப் போயிற்று?” அந்தக் கேள்விக்கு விடை கூறுவதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

வாயிலிற் சலுகை, உள்ளே இல்லை

2002-ஆம் ஆண்டு விதிகளின் கீழ் வியாபாரக் குறிக்கு விண்ணப்பிப்போர் அனைவருக்கும் ஒரே கட்டணம் இருந்தது. 2014-இல் அது 4,000 ரூபாயாயிற்று. வீட்டுத் திண்ணையில் ஊறுகாய் போடும் அம்மையாருக்கும், நாடெங்கும் தொழிற்சாலைகளை உடைய கம்பெனிக்கும் அதே 4,000 தான். 2017 மார்ச் 6-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் இம்முறையை மாற்றின. தனிநபர், புதுத் தொழில் முயற்சி, சிறு நிறுவனம் ஆகியோருக்கு, கணினி வழி விண்ணப்பித்தால் 4,500 ரூபாய். ஏனையோருக்கு 9,000 ரூபாய். காகித விண்ணப்பமாக நேரிற் கொடுத்தால் முறையே 5,000, 10,000. முன்னர் 74 வகையாக இருந்த படிவங்களும் 8 ஆகச் சுருங்கின. இம்மாற்றம் நியாயமானதே. வலியவனிடமும் எளியவனிடமும் ஒரே தொகை கேட்பது சமத்துவமாகத் தோன்றினும் உண்மையிற் சமத்துவம் ஆகாது.

ஆனால் புதுப்பித்தற் கட்டணத்தைப் பாருங்கள். 2017-க்கு முன்னர் அது 5,000 ரூபாய். அதன் பின்னர் கணினி வழி 9,000; காகித வழி 10,000. இங்கே தனிநபர், சிறு நிறுவனம் என்ற பாகுபாடே கிடையாது. விண்ணப்பத்தில் எளியவருக்கு ஏறியது 500 ரூபாய். புதுப்பித்தலில் அவருக்கே ஏறியது 4,000 ரூபாய். பாதிக் கட்டணம் என்ற செய்தி ஊரெங்கும் பரவிற்று. இந்த இரண்டாவது செய்தி பரவவில்லை.

கெடுவுக்குள் புதுப்பித்திருந்தால் அந்தச் சங்கத்துக்கு 9,000 ரூபாயோடு முடிந்திருக்கும். கெடு கழிந்து 6 மாதத்துக்குள் என்றால் கூடுதல் கட்டணம் 4,500 சேர்ந்து 13,500. ஓராண்டுக்குள் மீட்பதாயின் 18,000. எல்லாம் தவறியபின், வியாபாரியின் விண்ணப்பம் குறிகளின் சஞ்சிகையில் வெளிவந்த 4 மாதத்துக்குள் எதிர்ப்பு மனுக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்கு அரசாங்கக் கட்டணம் 2,700 தான். வக்கீல் கட்டணமும், சாட்சியப் பிரமாணங்களும், சென்னைக்குப் போய்வரும் செலவும் வேறு. பதிவு நீங்கினாலும் நெடுநாள் உபயோகத்தால் வரும் உரிமை ஒன்றுண்டு; அதனால் வழக்கு இன்னும் உயிருடன் இருக்கிறது. அதை மெய்ப்பிக்கப் பழைய விற்பனைச் சீட்டுகள் வேண்டும். கட்டிடம் மாறியபோது அவற்றிற் பெரும்பகுதியைப் பழைய காகிதமென்று எடைக்குப் போட்டு விட்டார்கள்!

9,000 ரூபாய் பெருந்தொகையா? பத்தாண்டுக்குப் பகிர்ந்தால் மாதம் 75 ரூபாய். ஒரு சங்கத்தின் தேநீர்ச் செலவுக்கும் அது காணாது. ஆயினும் அது மாதந்தோறும் கேட்கப்படுவதில்லை. பத்தாண்டுக்கொருமுறை, எல்லாரும் மறந்திருக்கும் நாளில் கேட்கப்படுகிறது. எளியவர் இடறி விழுவது தொகையில் அன்று, தேதியில்தான் என்பது எமது அனுபவம்.

இன்னொன்றும் உண்டு. கட்டணம் வகுப்புக்கு ஒன்றாக விதிக்கப்படுகிறது. உலகப் பொருள்களும் பணிகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மஞ்சட்பொடியும் கடலை மிட்டாயும் 30-ஆம் வகுப்பு. சமையல் எண்ணெய் 29-ஆம் வகுப்பு. சோப்பு 3-ஆம் வகுப்பு. கோரைப் பாய் 27-ஆம் வகுப்பு. ஒரே பெயரில் எண்ணெயும் சோப்பும் விற்கும் சங்கம் இரு வகுப்புகளுக்கும் கட்ட வேண்டும், புதுப்பிக்கும்போதும் அவ்வாறே. ஆசைப்பட்டு ஐந்தாறு வகுப்புகளிற் பதிய வேண்டுவதில்லை. உண்மையாக விற்கும் பொருள் எதுவோ அதற்கு மட்டும் பதிவதே சிக்கனம்.

புதிதாகக் கண்டவருக்கு

இனிக் காப்புரிமை. பேடண்டு என்று வழங்குவது இதுவே. சுதந்திரத்துக்குப் பின்னரும் நெடுங்காலம் இந்நாட்டில் 1911-ஆம் ஆண்டுச் சட்டமே நடந்து வந்தது. அதைச் சீர்திருத்த வழிகூறுமாறு நியமிக்கப்பட்ட நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார் 1959-இல் அளித்த அறிக்கை, இந்தியக் காப்புரிமைகளிற் பெரும்பாலானவை அந்நியர் வசமிருந்த நிலையை எடுத்துக் காட்டிற்று. 1970-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த ஆராய்ச்சியின் பயனே. உள்நாட்டவர், அதிலும் எளியவர், இந்த உரிமையை நாடாததற்குக் கட்டணமும் ஒரு காரணம் என்பதை விதி இயற்றியோர் பின்னர் உணர்ந்தனர் என்றே கொள்ள வேண்டும்.

2014-இல் கட்டணம் மூவகையாயிற்று. கணினி வழி விண்ணப்பிக்கத் தனிநபருக்கு 1,600; சிறு நிறுவனத்துக்கு 4,000; ஏனையோருக்கு 8,000. 2016-இல் புதுத் தொழில் முயற்சிகள் தனிநபர் வரிசைக்கு வந்தன. 2020 நவம்பரில் சிறு நிறுவனங்களும் அவ்வரிசைக்கே கொண்டுவரப்பட்டன. 2021-இல் கல்வி நிலையங்களுக்கும் அச்சலுகை கிட்டிற்று. ஆகவே ஒரு சிறு சங்கம் 4,000 கட்டியிருக்க வேண்டிய இடத்தில் இன்று 1,600 கட்டினாற் போதும். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கக் கோருவதற்குத் தனியே ஒரு கட்டணம் உண்டு. எளியோருக்கு 4,000, பெரியோருக்கு 20,000. விண்ணப்பம் 30 பக்கத்தையும் 10 உரிமைக் கோரிக்கைகளையும் தாண்டினால் மிகுதிக்கு வேறு கட்டணம் விழும். ஆதலால் வளவளவென்று எழுதுவது செலவுக்கு வழி! பெண் விண்ணப்பதாரருக்கு 2019 முதல் விரைவுப் பரிசீலனை கோரும் வாய்ப்பும் இருக்கிறது.

நாம் போற்றுவது இச்சலுகை ஆண்டுதோறும் கட்டும் தொகையிலும் தொடர்வதையே. மூன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை எளியவர் ஆண்டுக்கு 800 கட்ட, பெரிய கம்பெனி 4,000 கட்டுகிறது. பதினாறாம் ஆண்டு முதல் இருபதாம் ஆண்டு வரை அது 8,000-மும் 40,000-மும் ஆகிறது. 2024 மார்ச்சு விதிகளின்படி நான்காண்டுத் தொகையையாவது கணினி வழி முன்கூட்டியே கட்டுவோருக்கு நூற்றுக்கு 10 தள்ளுபடியும் உண்டு. காப்புரிமையில் இயன்றது வியாபாரக் குறியில் ஏன் இயலாது? புதுப்பித்தலிலும் இருவகைக் கட்டணம் வைக்க வேண்டுமென்பது எமது கருத்து. சங்கங்கள் தத்தம் பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்றி மத்திய சர்க்காருக்கு அனுப்புவதில் தவறேதுமில்லை.

காப்புரிமை பற்றி எச்சரிக்கை ஒன்று. நம் பாட்டனார் ஆட்டிய மரச்செக்குக்குக் காப்புரிமை கிடையாது. வழிவழி வந்த அறிவைச் சட்டமே விலக்கியிருக்கிறது. அது நமக்கு நன்மையே. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் வழங்கிய காப்புரிமை, இந்திய விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலின் முயற்சியால் 1997-இல் ரத்தானதும் அது பழமையான அறிவு என்ற காரணத்தாலேதான். செக்கில் எவரும் செய்யாத மாற்றமொன்றை உங்கள் ஊர்த் தச்சர் செய்தாராயின் அது வேறு விஷயம். அவர் அதைக் கண்காட்சியிற் காட்டிப் பத்திரிகையிற் படம் வெளியிடுவதற்கு முன்னரே விண்ணப்பிக்க வேண்டும். முழு விவரம் எழுத நேரமில்லையெனில் தற்காலிக விவரத்தைக் கொடுத்து 12 மாதத்துக்குள் முழுமை செய்யலாம். அதற்கு இரண்டாம் முறை விண்ணப்பக் கட்டணமில்லை.

பத்து ரூபாய் உரிமை

மூன்றாவதாகிய புவிசார் குறியீடு ஒருவருக்குச் சொந்தமன்று, ஊருக்குச் சொந்தம். காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமக்காளம், பத்தமடைப் பாய், கோவில்பட்டிக் கடலை மிட்டாய் ஆகியவை இவ்வாறு பதிவு பெற்றவை. இதை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. ஊரின் பெயரைச் சங்கம் பதிவு செய்துவிட்டதோடு வேலை முடிந்ததென்று பலர் எண்ணுகின்றனர். பாய் நெய்யும் ஒவ்வொருவரும் அங்கீகாரம் பெற்ற உபயோகிப்பாளராகத் தம் பெயரைப் பதிந்து கொள்ள வேண்டும். முன்னர் இதற்கு 500 ரூபாய். ஒரு குடும்பத்தில் மூவர் நெய்தால் 1,500. 2020 ஆகஸ்டில் அது 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. கட்டணக் குறைப்புகள் அனைத்திலும் கிராமத்து எளியவரை நேராகச் சென்றடைவது இதுவே. எனினும் 10 ரூபாய் உரிமையை அறியாமலே நெய்துகொண்டிருப்போர் பலர். சங்கத்துக்கு வரும்போதே அவர்களிடம் கையொப்பம் வாங்கி, படிவங்களை மொத்தமாக அனுப்புவது செயலாளர்களுக்கு ஒருநாள் வேலை. இக்குறியீட்டுப் பதிவேடு நாடு முழுமைக்கும் சென்னை கிண்டியிலேயே இருப்பது நமக்கு ஒரு வசதி.

சிறு நிறுவனச் சலுகையைப் பெற, அவ்வாறு இருப்பதை ஆவணத்தாற் காட்ட வேண்டும். 2020 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள உத்யம் பதிவுச் சான்று இதற்கு உதவும். அப்பதிவுக்குக் கட்டணமே கிடையாது. அதற்கென்று பணம் கேட்கும் இடைத்தரகரிடம் ஏமாறாதீர்கள்.

செக்கெண்ணெய்ச் சங்கம் 2024-இல் அதே புறாக்களுக்குப் புதிய விண்ணப்பம் ஒன்றைத் தன் பெயரிலேயே 4,500 ரூபாய் கட்டிக் கொடுத்திருக்கிறது. பழைய சீட்டுகளைத் தேடி உறுப்பினர்கள் கடைகடையாகச் சென்றனர். மளிகைக் கடைக்காரர் ஒருவரிடம் 2009-ஆம் ஆண்டுச் சீட்டுப் புத்தகம் முழுதாகக் கிடைத்தது. எதிர்ப்பு மனுவின் விசாரணை இன்னும் முடியவில்லை.

பகல் உணவுக்குப் பின் அடுத்த அறையில் உங்கள் பதிவுச் சான்றுகளைப் பார்வையிடுவோம். சான்றிதழ், இப்போதைய முகவரி, உத்யம் சான்று, கையிலுள்ள மிகப் பழைய விற்பனைச் சீட்டு ஆகிய நான்கையும் கொண்டு வாருங்கள். விண்ணப்பித்த தேதியைச் சான்றிதழிற் காட்டி, கெடு நாளை உங்கள் சங்கத் தீர்மானப் புத்தகத்தின் முதற் பக்கத்தில் எழுதித் தருகிறோம்.