செவிலிக்கும் ஓர் இலை

பழந்தமிழ் இலக்கியம் நற்றாயோடு செவிலித்தாயையும் போற்றுகிறது. இன்று நம் இல்லங்களில் குழந்தையைப் பேணும் ஆயாவுக்கு நண்பகலுணவு அளிப்பது யார் கடமை? "சம்பளந்தான் தருகிறோமே!" என்பர் சிலர். காலைமுதல் மாலைவரை இருப்பவர், குழந்தையைத் தனியே விட்டு உண்டுவர இயலுமா? இயலாதெனில், அவ்வேளை உணவு அவ்வில்லத்தாரின் பொறுப்பே என்பது என் கருத்து.

உணவளித்தோம் என்று ஊதியத்தைக் குறைப்பதும் முறையன்று. 2011-இல் ஜெனீவாவில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஏற்ற 189-ஆம் உடன்படிக்கை, வீட்டுப் பணியாளர் ஊதியத்தில் வரம்புக்குட்பட்ட ஒரு பகுதியை மட்டுமே, அதுவும் அவர் இசைவுடன், பொருளாக வழங்கலாம் என்கிறது.

மீந்த பழையதைத் தனித்தட்டில் இடுவது அறமன்று. வீட்டார் உண்பதையே, உரிய நேரத்தில், அமர்ந்துண்ண அளித்தல் வேண்டும். தம் வீட்டுச் சோற்றையே விரும்புவோரை வற்புறுத்தவும் வேண்டா. பிறர் குழந்தைக்குச் சோறூட்டும் கை பசித்திருக்கலாமா? "ஆயா உண்டாரா?" என்று இன்றே வீட்டில் கேளுங்கள்.