வினாவில் தொடங்கும் ஆய்வு



மாணவர்கள் ஆய்வுக் கட்டுரையைத் திட்டமிட்டு எழுதும் முறை பற்றிப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். கவிஞர் நிறைந்த அவையில் அடிக்குறிப்பைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று முதலில் தயங்கினேன். தேரூர் தந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையை (1876-1954) எண்ணியதும் தயக்கம் நீங்கிற்று. கவிதையால் புகழ்பெற்ற அப்பெருமகனார் கல்வெட்டுகளையும் ஆராய்ந்தார். ‘காந்தளூர்ச் சாலை’ என்று தனியே ஓர் ஆய்வு நூலும் எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட அச்சிக்கலையே இன்று எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

985இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசன் காந்தளூர்ச் சாலையில் கலத்தை அறுத்ததாக அவனது மெய்க்கீர்த்தி கூறுகிறது. கலம் என்பது மரக்கலமா, உண்கலமா? மரக்கலம் என்றால் அது கடற்போர் வெற்றி. உண்கலம் என்றால் ஒரு சாலையின் உணவு ஏற்பாட்டைப் பற்றிய செயல். ஒரு சொல்லின் பொருள் மாறினால் ஒரு வரலாறே மாறிவிடுகிறது. கவிதையில் ஒரு சொல் இருபொருள் தந்தால் நாம் மகிழ்கிறோம்; ஆய்வில் அவ்விரண்டனுள் எது, ஏன் என்று கேட்டாக வேண்டும்.

இங்கேதான் முதற்படி இருக்கிறது. ‘சோழர் கடற்படை’ என்ற தலைப்போடு மாணவர் வருகின்றனர். அது தலைப்பே அன்றி வினா அன்று. அதற்கு ஆயுள் முழுதும் எழுதலாம். ‘காந்தளூர் மெய்க்கீர்த்தித் தொடரில் கலம் என்பதன் பொருள் யாது?’ என்பது வினா. இருபது பக்கத்தில் விடை தேடத்தக்க வினா. வினா சுருங்கச் சுருங்க ஆய்வு ஆழப்படும்.

இரண்டாவது படி, முன்னோர் கூறியவற்றைத் தொகுத்தல். யார் என்ன முடிவு கொண்டார், எச்சான்றால் கொண்டார் என இரண்டையும் குறிக்க வேண்டும். முடிவை மட்டும் குறிப்பவர் பிறர் கருத்துக்குத் தலையாட்டுபவராகவே நின்றுவிடுவார்.

மூன்றாவது படி, முதன்மைச் சான்றை நேரிற் காணுதல். ஒரு செய்திக்கு ஒரு குறிப்பட்டை. அதில் நூல், பக்கம், ஆண்டு. இதன் அருமையை நான் தலைகுனிந்து கற்றேன். ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கு எழுதியபோது, ஒரு கல்வெட்டின் கொல்லம் ஆண்டைப் பிறர் நூலிலிருந்து எடுத்து, 825ஐக் கூட்டிக் கிறித்துவ ஆண்டாக்கினேன். வாய்மொழித் தேர்வில் முதியவரான தேர்வாளர், “மாதம் என்ன அம்மா?” என்று கேட்டார். ஆவணியில் பிறக்கும் கொல்லம் ஆண்டுக்கு மார்கழி இடைப்பகுதி வரை 824ஐயும் அதன் பின்னரே 825ஐயும் கூட்ட வேண்டும். மாதம் எனக்குத் தெரியவில்லை. கல்வெட்டுப் பாடத்தை நான் பார்த்ததே இல்லை. பிழை ஓராண்டுதான். ஆனால் பாராததைப் பார்த்ததுபோல் எழுதியது என் பிழை. இன்றும் அடிக்குறிப்பு எழுதும்போதெல்லாம் அக்குரல் என் செவியில் ஒலிக்கிறது.

நான்காவது படி, சான்று எதை நிறுவுகிறது, எதை நிறுவவில்லை என எடைபோடுதல். நம் மாவட்டத்தில் முன்சிறைக்கு அருகே பார்த்திவபுரம் இருக்கிறது. ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் 866இல் அங்கே 95 மாணவர்க்கு ஒரு சாலை அமைத்தான். காந்தளூர் நெறியைப் பின்பற்றி அது அமைந்தது என்று செப்பேடு கூறுகிறது. திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் அதன் பாடம் அச்சாகியுள்ளது. ஆகவே காந்தளூர்ச் சாலை கல்விநிலையம் என்பதற்கு இது வலிய சான்று. அதனால் கலம் உண்கலமே என்று உடனே முடிவு கட்டலாமா? கூடாது. செப்பேடு விளக்குவது ‘சாலை’யை, ‘கலத்தை’ அன்று. இராசராசனுக்கும் அதற்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியும் உண்டு. முதலாம் இராசாதிராசன், முதலாம் குலோத்துங்கன் ஆகியோர் மெய்க்கீர்த்திகளும் இதே செயலைக் கூறுகின்றன. மரக்கலம் என்போர் அது மீண்டும் மீண்டும் ஏன் நிகழ்ந்தது எனச் சொல்ல வேண்டும். உண்கலம் என்போர் மாமன்னர் பலர் அதை ஏன் பெருமையாகக் கொண்டனர் எனச் சொல்ல வேண்டும். எதிர்க்கருத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைத்த பின்னரே மறுக்கலாம்.

ஐந்தாவது படிதான் எழுதுதல். பன்னிரண்டு வாரம் கிடைப்பின் முதல் மூன்று வாரம் வினாவுக்கு. அடுத்த ஐந்து சான்றுக்கு. இரண்டு வாரம் எழுத. எஞ்சிய இரண்டு திருத்த. குறிப்பட்டைகளை வரிசைப்படுத்தினால் இயல்கள் தாமே அமையும். முன்னுரையை இறுதியில் எழுதுக. முடிவுரையில் சான்று செல்லும் எல்லைவரை மட்டும் செல்க.

2022ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தைக் கைவிட்டன. எனக்குத் தலைகுனிவையும் தெளிவையும் ஒருங்கே தந்த பயிற்சிக்களம் அது. இனி முதுகலையில் எழுதும் சிறு கட்டுரையே பலருக்கும் முதற்களம். அக்கட்டுரையையும் கணினியிலிருந்து வெட்டி ஒட்டித் தருவாராயின், முனைவர் பட்ட ஆய்வில் நுழையும்போது அவர் கையில் பிறர் சொற்களே இருக்கும். தம் வினா ஒன்றேனும் இராது.

மாணவச் செல்வங்களே, பட்டத்திற்காக எழுதுங்கள், தவறில்லை. ஆனால் நீங்களே கேட்ட ஒரு வினாவுக்காக எழுதுங்கள். கவிஞர் பெருமக்களே, உங்கள் ஊர்க் கோயிற் கல்வெட்டைப் படிக்க ஒரு மாணவர் வந்தால், அவருக்கு வழி காட்டுங்கள். கவிமணி வாழ்ந்த மண்ணில் கவிதையும் ஆய்வும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.